அண்ணனை ஏன் பிடித்தார்கள்?

1

போன வாரம் எங்கள் ஆலைக் கேன்டீனில் பிரிட்ஜெட் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். அவ்வளவு பெரிய மேசையில் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு சன்னல் ஓரம் போய்விட்டார்கள்.

நான் வேலை பார்ப்பது இங்கிலாந்தில் லெஸ்டர் என்கிற ஊரில், காலுறை பின்னும் ஆலை ஒன்றில். பிரிட்ஜெட் அயர்லாந்துக்காரி, எனக்குப் பக்கத்து மெஷின். அவள் புருஷன் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போய்விட்டுக் கப்பலில் திரும்பி வரும்போது துறைமுகத்திலேயே போலீஸ் பிடித்து வைத்துக்கொண்டது. வெடிகுண்டு வைப்பவர்களைத் தேடுகிறார்களாம். சில நாள் வைத்திருந்து, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, வழக்கு எதுவும் போடாமல் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஏன் பிடித்தோம் என்றும் சொல்லவில்லை, ஏன் விட்டோம் என்றும் சொல்லவில்லை.

எங்கள் பகுதியை மேற்பார்வை பார்க்கும் டோரிஸ் நல்லவள்தான். என் மகளுக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தவள். அவள்தான் என் காதருகே குனிந்து, "சும்மா பிடிப்பார்களா பத்மா? ஏதாவது இருக்கும்" என்றாள்.

இதே வார்த்தையை இதே குரலில் காஞ்சிபுரத்தில் கேட்டிருக்கிறேன். மார்க்கெட்டில், பஸ் ஸ்டாண்டில், என் அண்ணன் வாடகைக்கு இருந்த செவிலிமேட்டுத் தெருவில். "சும்மா புடிச்சிகினு போவாங்களாம்மா? எதனா இருக்கும்." கடல் தாண்டி வந்தால் மனுஷர்கள் வேறு தினுசாக இருப்பார்கள் என்று ஒரு காலத்தில் நம்பினேன். தோலின் நிறம்தான் வேறு. நான் என் தட்டை எடுத்துக்கொண்டு போய் பிரிட்ஜெட் எதிரில் உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் ஆத்திரம் அடங்காமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

எங்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது.

நாங்கள் தமிழ் ஜைனர்கள். மாகறலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம், நெல்லும் வேர்க்கடலையும் பயிரிட்ட குடும்பம். ஜைனர் என்றாலே அடகுக் கடை வைத்திருக்கும் வடநாட்டு சேட்டு என்று நினைப்பவர்கள் நம் ஊரிலேயே நிறையப் பேர் உண்டு. "உங்க தமிழ் நல்லா இருக்குதே, எப்ப கத்துகினீங்க?" என்று காஞ்சிபுரம் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சரே என்னைக் கேட்டிருக்கிறார். எந்தக் காலத்திலிருந்து நாங்கள் அங்கே இருக்கிறோம் என்று எங்களுக்கே தெரியாது, அத்தனை காலமாக இருக்கிறோம்.

எங்கள் வீடுகளில் பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. விளக்கு வைப்பதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். இருட்டில் சின்ன உயிர்கள் சோற்றோடு சேர்ந்து செத்துப்போகும் என்பது காரணம். குழந்தையாக இருக்கும்போதே பழகிவிடுவதால் அது விரதம் என்றுகூட நாங்கள் நினைப்பதில்லை. பல் விளக்குவது போல ஒரு பழக்கம்.

அதை வைத்துக்கொண்டு லெஸ்டரில் குடித்தனம் நடத்திப் பாருங்கள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஆலையில் டீ குடிக்க விடும் இடைவெளியில் என் ராத்திரிச் சாப்பாட்டை அவசரமாக விழுங்குவேன். ஜூன் மாதம் ஒன்பது மணிக்கும் வெளிச்சம். என் மகள் சுனந்தா, பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் 'சூ', இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். "அம்மா, சூரியனுக்கு இங்கிலாந்து தெரியாது" என்கிறாள். வெள்ளிக்கிழமை இரவானால் சிநேகிதிகளோடு போய் உருளைக்கிழங்கு வறுவல் தின்றுவிட்டு வருகிறாள். வாசனை வீட்டுக்குள் அவளுக்கு முன்னால் வந்துவிடும். நான் கேட்பதில்லை. கேட்டால் பொய் சொல்வாள், பொய் சொல்லக் கற்றுக்கொள்வதைவிட வறுவல் தேவலை.

3

என் அண்ணன் தரணேந்திரன் காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். எந்தக் கட்சியிலும் இல்லை. ஓட்டு ரகசியம் என்று சட்டத்தில் இருக்கிறது என்பதற்காக, யாருக்குப் போட்டேன் என்று அண்ணியிடம்கூடச் சொல்லாதவர். அப்படிப்பட்ட மனுஷன் சங்கத்தின் வருடாந்தரக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சர்க்கார் நம் நெசவாளிகளுக்கு என்று அனுப்பும் பட்டு நூல், தறி காய்ந்து கிடக்கும்போது எங்கே போகிறது?

நூல் எங்கே போகிறது என்று அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். சங்கத் தலைவர் முனிரத்தினம் ஓரிக்கைப் பக்கம் மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார். வெளிச் சந்தைக்குப் போன நூல்தான் அங்கே செங்கல்லாக ஏறிக்கொண்டிருந்தது. தலைவர் கோபப்படவில்லை. "நல்ல கேள்வி கேட்டீங்க நயினாரே, பாப்போம்" என்று சிரித்தாராம். எங்கள் ஆட்களை ஊரில் நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அது அவசரநிலைக் காலம். எழுபத்தாறில் மாநில ஆட்சியைக் கலைத்த கையோடு ஊர் ஊராக ஆட்களைப் பிடித்தார்கள். கட்சிக்காரர்களைப் பிடித்தார்கள், சரி. அந்தச் சாக்கில் அவரவருக்கு வேண்டாதவர்களின் பெயரையும் யார் யாரோ சேர்த்துவிட்டார்கள். கறுப்புச் சந்தைக்காரர்களை அடக்கத்தான் இத்தனை கெடுபிடி என்று சர்க்கார் சொல்லிக்கொண்டிருந்தது. காஞ்சிபுரத்தில் கறுப்புச் சந்தைக்காரர் வெளியே இருந்தார், அவரைக் கேள்வி கேட்டவர் உள்ளே போனார்.

பிடித்த விதத்தை அண்ணி சுலோசனா என்னிடம் பலமுறை சொல்லிவிட்டாள். சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே அண்ணன் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாராம். "சாப்ட்டு முடிங்க சார், அவசரமில்ல. ரெண்டு கேள்வி கேட்டுட்டு அனுப்பிடுவோம்மா." அந்த மரியாதையை நம்பி அண்ணி அவருக்கு மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அண்ணன் வீட்டுக்கு வரவில்லை, அந்த இரண்டு கேள்வியையும் யாரும் கேட்கவுமில்லை.

தெரு என்ன செய்தது தெரியுமா? கதவைச் சாத்திக்கொண்டது. எதிர்வீட்டு அம்மா தண்ணீர் பிடிக்க வரும்போது அண்ணியைப் பார்த்தால் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விடுவாள். எங்கள் சொந்தக்காரர்கள் கோயில் திருவிழாவுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். கொல்லாமை பேசுகிற கூட்டம் நாங்கள், எறும்பைக்கூட மிதிக்க மாட்டோம். மனுஷியை மிதிக்கலாம் போலிருக்கிறது.

4

அண்ணிக்கு இங்கிலீஷ் தெரியாது. வக்கீல், ஆபீஸ் என்று அலைய ஆள் இல்லை. மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு நான் போனேன்.

வெளிநாட்டில் இருந்து இருந்து என் நாக்கும் கெட்டுப்போயிருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் ஒரு கான்ஸ்டபிள் என்னை "வெளிய போய் நில்லு" என்றான். நான் பழக்கதோஷத்தில் "தேங்க்யூ" என்று சொல்லிவிட்டேன். அவன் உள்ளே போய் மற்றவர்களிடம் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். துரத்தினாலும் நன்றி சொல்கிற பொம்பளை என்று அன்றைக்கு அவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. அதோடு அந்த வார்த்தையை அந்த ஊரில் நான் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

காஞ்சிபுரம் வக்கீல்கள் யாரும் கேஸைத் தொடவில்லை. மெட்ராஸில் சம்பந்தம் என்று ஒரு வக்கீல் எடுத்துக்கொண்டார். வயதானவர், மூக்குப்பொடி போடுபவர், எதையும் மென்று விழுங்காமல் பேசுபவர்.

"இத நல்லாப் புரிஞ்சிக்கோங்கம்மா. சாதாரணமா ஒருத்தரப் புடிச்சா மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும், என்ன குத்தம்னு சொல்லணும். இது மிசா. குத்தம் பண்ணதுக்காகப் புடிக்கல. பண்ணிடப் போறார்னு புடிச்சிருக்காங்க."

"என்ன பண்ணிடப் போறாராம்?"

"அத சொல்ல வேண்டியதில்லன்னு சட்டத்தையே மாத்திட்டாங்களே."

"அப்ப அவர் அப்படி இல்லன்னு எப்படி சார் நிரூபிக்கிறது?"

"முடியாதும்மா. எத இல்லன்னு சொல்லுவார்?"

அவர் ஆட்கொணர்வு மனு போட்டிருந்தார். பிடித்து வைத்திருக்கும் ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்து, எந்த உரிமையில் பிடித்தாய் என்று சொல், என்று கேட்கிற மனு. அது விசாரணைக்கு வருவதற்குள் டெல்லியில் தீர்ப்பு வந்துவிட்டது. அவசரநிலை இருக்கும்வரை அடைபட்டவன் அப்படிக் கேட்டு எந்தக் கோர்ட்டுக்கும் வரக் கூடாது. போலீஸ்காரன் வேண்டுமென்றே தவறாகப் பிடித்திருந்தாலும் கூடாது. படித்தவர்கள், பெரியவர்கள், கறுப்பு அங்கி போட்டவர்கள் உட்கார்ந்து யோசித்துச் சொன்ன தீர்ப்பு. அதைச் சம்பந்தம் எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு மூக்குப்பொடி டப்பியை மூடினார். அவருக்கே என் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"நம்ம மனு என்ன சார் ஆவும்?"

"எடுத்தா தள்ளிடுவாங்க. அதனால எடுக்காம பாத்துக்கறேன். தூங்கட்டும். காலம் மாறினா எழுப்பிக்கலாம்."

ஒரு மனுஷன் ஜெயிலில் விழித்துக்கொண்டிருக்கிறார், அவர் மனு கோர்ட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறது. இதுதான் எங்களுக்குக் கிடைத்த நல்ல யோசனை.

இங்கே என் மகளின் பள்ளிக்கூடத்தில் இந்த ஆட்கொணர்வு மனுவை இங்கிலீஷ்காரர்களின் பெருமைகளில் ஒன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வாஸ்தவம்தான், அதைக் கண்டுபிடித்தவர்கள் இவர்கள்தான். விசாரணை இல்லாமல் உள்ளே போடும் சட்டத்தை நம் தேசத்துக்குக் கொண்டுவந்து இறக்கியவர்களும் இவர்கள்தான் என்பது அந்தப் பாடத்தில் இல்லை. வெள்ளைக்காரன் போகும்போது விட்டுவிட்டுப் போனதில் ரயிலையும் தபாலையும் நாம் ஓட்டை உடைசலாக வைத்திருக்கிறோம். இந்த ஒன்றை மட்டும் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக வைத்துக்கொண்டோம்.

5

எந்த ஜெயில் என்று எழுதப் போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்னமும் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது, அண்ணனைப் பார்க்க அண்ணியை விடுவதை நிறுத்தி இருந்தார்கள். காரணம் கேட்டால் "மேலிடத்து உத்தரவு" என்பதற்கு மேல் வாயிற்காவலருக்குத் தெரியவில்லை. நான் இங்கிலீஷில் பேசினேன், லெஸ்டரில் இருந்து வருகிறேன் என்றேன். உடனே ஜெயில் அதிகாரி ஒருவரின் அறைக்குக் கூட்டிப் போனார்கள், நாற்காலி வந்தது, காப்பி வந்தது. கட்டிய மனைவி வெயிலில் மதில் ஓரம் நிற்கிறாள். சீமையில் இருந்து வந்த தங்கைக்கு மின்விசிறி. அந்தக் காப்பியை நான் குடிக்கவில்லை. அதற்காக அந்த அதிகாரி வருத்தப்பட்டார் என்றும் சொல்ல முடியாது.

"உங்க அண்ணன் உள்ள உண்ணாவிரதம் நடத்துறாரும்மா. தானும் சாப்பிடறதில்ல, மத்தவங்களையும் தூண்டி விடறார். தெனம் ராத்திரி அந்த வார்டுத் தட்டு அப்படியே திரும்பி வருது. ரிப்போர்ட் போயிருக்கு. நாலு மாசத்துக்கு ஒருக்க விடலாமா வேணாமான்னு பாப்பாங்க. இப்படி ரிப்போர்ட் போனா எப்படி விடுவாங்க?"

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "எத்தனை மணிக்கு சார் ராச்சாப்பாடு தர்றீங்க?"

"எல்லா வார்டுக்கும் குடுத்துட்டு அங்க போவ இருட்டிடும். ஏன்?"

"நாங்க ஜைனருங்க சார். இருட்டினப்புறம் சாப்பிட மாட்டோம். பொறந்ததுலேர்ந்து அப்படித்தான். அது போராட்டம் இல்ல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஜைனர்னா சேட்டுங்கதானே? இவர் ஊரு மாகறல் பக்கம்னு போட்டிருக்குது. விவசாயக் குடும்பம்னு போட்டிருக்குது."

"தமிழ் ஜைனர் சார்."

"அப்படி ஒண்ணு கிடையாதும்மா" என்றார்.

என் எதிரில் உட்கார்ந்துகொண்டு, நான் என்று ஒருத்தியே இல்லை என்று சொன்னார். காஞ்சிபுரத்துக்குப் போய்த் திருப்பருத்திக்குன்றத்தில் இருக்கும் எங்கள் ஜைனக் கோயிலைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. அவர் ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். தரப்படும் உணவைத் தரப்படும் நேரத்தில் உண்பேன், பிறரைத் தூண்ட மாட்டேன் என்று அண்ணன் எழுதிக் கையெழுத்துப் போட்டால் மனைவி வந்து பார்க்கலாம். அதைச் சொல்லிப் புரியவைக்கத்தான் என்னை உள்ளே விடுகிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

வெளியே போய் அண்ணியிடம் சொன்னேன். அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"போட சொல்லு பத்மா. ராத்திரில சாப்ட்டா பாவம்னா, அந்தப் பாவத்த நான் ஏத்துக்கறேன். எந்த நரகம்னாலும் நான் போறேன். அவர் மூஞ்ச பாக்கணும் எனக்கு. போட சொல்லுமா."

அண்ணனைக் கூட்டி வந்தார்கள். அதிகாரி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அண்ணன் இளைத்திருந்தார், ஆனால் முகம் நன்றாக மழித்திருந்தது. வார்டில் நடந்ததை அவரே சொன்னார். கூட இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் மேடையில் திட்டிக்கொண்ட இரண்டு கட்சிக்காரர்கள், ஒரு காலேஜ் வாத்தியார். ராத்திரித் தட்டு வரும்போது இவர் சும்மா உட்கார்ந்திருப்பார். ஒரு மனுஷன் பட்டினியாக உட்கார்ந்திருக்கும்போது எதிரில் எப்படிச் சாப்பிடுவது என்று அவர்களுக்குச் சங்கடம்.

"நான் கெஞ்சி பாத்தேன் பத்மா. கேக்கல. அப்புறம் அவங்களே ஒரு வழி கண்டுபுடிச்சாங்க. மத்தியான சோத்துல ஆளுக்கு ஒரு கை எடுத்து வெச்சிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே எல்லாம் ஒண்ணா சாப்ட்டுருவோம். ராத்திரி தட்டு வந்தா யாருக்கும் பசி இல்ல. அதுக்குப் போயி..."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாப்பிடும்போது அடுத்தவருக்காகக் காத்திருப்பது நம்மவர்களுக்கு மரியாதை. சர்க்கார் கோப்பில் அது கூட்டுச் சதி.

நான் அண்ணி சொன்னதை அப்படியே சொன்னேன். அண்ணன் என்னிடம் சொல்வது போல அதிகாரிக்குக் கேட்கும்படி சொன்னார்.

"சாப்பாட்டுக்காக நான் புடிவாதம் புடிக்கல. ஏன் என்ன புடிச்சாங்கன்னு ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி, யாராவது என் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும். சொன்னா நான் நடு ராத்திரிகூட சாப்பிடறேன். கையெழுத்தும் போடறேன். அத சொல்ல மாட்டேன், இத மட்டும் போடுன்னா எப்படி?"

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

சம்பந்தம் வக்கீல், சாப்பாட்டையாவது வெளிச்சத்தில் கொடுக்கச் சொல்லி ஒரு மனு போட்டுப் பார்த்தார். விடுதலையே கேட்க முடியாதவருக்குச் சோற்று நேரம் கேட்க என்ன உரிமை என்று எதிர்த்தரப்பில் கேட்டார்களாம். அதுவும் தள்ளுபடி ஆயிற்று. என் லீவு முடிந்தது. நான் திரும்பி வந்துவிட்டேன். அண்ணன் வெளியே வரும்வரை அண்ணி அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

6

எழுபத்தேழில் தேர்தல் வந்தது, காற்று மாறியது, அண்ணனை விட்டார்கள். உத்தரவு ரத்து செய்யப்படுகிறது, அவ்வளவுதான். ஏன் ரத்து என்று யாரும் சொல்லவில்லை. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் முதல் மாலை போட்டவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சங்கத் தலைவர் முனிரத்தினம். பின்னால் எதிர்வீட்டு அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாளாம். இதை அண்ணி கடிதத்தில் எழுதியிருந்தாள். பிடித்தபோது கதவைச் சாத்திக்கொண்டவர்களைக்கூட மன்னித்துவிடலாம். பயம். மாலையோடு வந்தவர்களை என்ன செய்வது?

இந்த வருஷம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். சுனந்தாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கல்யாணத்துக்கும் தலைவர் வந்தார், வெள்ளிக் குத்துவிளக்கோடு. "பழச எல்லாம் மனசுல வெச்சிக்கக் கூடாது நயினாரே" என்று எல்லார் எதிரிலும் அண்ணன் தோளில் கை போட்டார். அண்ணன் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. "என் மனு இன்னும் கோர்ட்ல இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார். தலைவருக்கு அது விளங்கியதாகத் தெரியவில்லை.

கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் அந்த மனு விசாரணைக்கு வந்தது. சம்பந்தம் வேண்டாம் என்றுதான் சொன்னார். அண்ணன்தான் மாதம் தவறாமல் அவரை நச்சரித்து எழுப்ப வைத்தார். கல்யாணத்துக்கு எடுத்த புது வேட்டியைக் கட்டிக்கொண்டார். சுனந்தாவோடு சேர்த்து நாங்கள் நால்வரும் முதல் பஸ்ஸில் மெட்ராஸ் போனோம். வழியெல்லாம் அண்ணன் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். நான் மந்திரம் என்று நினைத்தேன். கோர்ட்டில் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருக்கிறார். வருடாந்தரக் கூட்டம் எந்தக் கிழமை நடந்தது, எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார், என்ன கேட்டார், எல்லாம்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். அண்ணன் எழுந்து நின்றார். சர்க்கார் வக்கீல் ஒரு வரி சொன்னார், சம்பந்தம் இரண்டு வரி சொன்னார். மனுதாரர் விடுதலையாகிவிட்டதால் மனுவில் இனித் தீர்மானிக்க ஒன்றுமில்லை, தள்ளுபடி. அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வழக்கின் பெயரை வாசித்துவிட்டார்கள். சேவகர் அவரை வழி விடச் சொன்னார்.

வராந்தாவுக்கு வந்ததும் அண்ணன் வக்கீலின் அங்கியைப் பிடித்துக்கொண்டார். அவர் யாரையும் தொட்டுப் பேசி நான் பார்த்ததில்லை.

"உள்ள இருந்து கேட்டா, உள்ள இருக்கறவன் கேக்கக் கூடாதுன்னாங்க. வெளிய வந்து கேட்டா, வெளியதான் வந்துட்டியே என்னா கேள்வின்றாங்க. நான் எப்ப சார் கேக்கறது?"

"வழக்குப் போடலாம்ப்பா, நஷ்ட ஈடு கேட்டு. ஆனா நல்லெண்ணத்துல செஞ்சதுன்னு சொல்லிட்டா அதிகாரிங்களுக்கு அந்தச் சட்டத்துலயே பாதுகாப்பு இருக்கு."

"எனக்குக் காசு வாணாம் சார். ஏன்னு சொல்ல வாணாமா?"

சம்பந்தத்துக்கு வேறு கோர்ட்டில் வழக்கு இருந்தது, போய்விட்டார். அண்ணன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தூணைப் பார்த்து நின்றாள். எனக்கு அந்தக் கட்டடத்தின் சிவப்புச் சுவரைப் பார்க்கப் பார்க்க அருவருப்பாக இருந்தது. இவ்வளவு உயரமாக, இவ்வளவு அழகாக எதற்குக் கட்டினார்கள்?

அப்போதுதான் சுனந்தா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய ஓட்டைத் தமிழில், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துக் கேட்டாள்.

"மாமா, நீங்க என்ன பண்ணீங்க? ஏன் உங்களைப் பிடிச்சாங்க?"

எனக்கு உயிரே போய்விட்டது. அந்தக் கேள்வியை எங்கள் குடும்பத்தில் யாரும் அவரிடம் கேட்டதில்லை. அது அவரைச் சந்தேகப்படுவதாகிவிடும் என்று நாங்கள் ஜாக்கிரதையாக இருந்தோம். சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் கேட்டார்கள். எதிரில் யாரும் கேட்கவில்லை. நான் அவளை இழுக்கப் போனேன்.

"இருமா, கேக்கட்டும்" என்றார் அண்ணன். அவர் முகம் மாறியிருந்தது. "இத யாராவது கேக்க மாட்டாங்களான்னுதானே நான் இத்தன நாளா..."

அவர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். சங்கம் என்றால் என்ன, பட்டு நூல் எங்கிருந்து வருகிறது, தறிக்கு நூல் இல்லாவிட்டால் ஒரு வீட்டில் அடுப்பு எப்படி அணையும், கூட்டத்தில் எந்த வரிசையில் இருந்து எழுந்தார், என்ன கேட்டார், தலைவர் எப்படிச் சிரித்தார், இன்ஸ்பெக்டர் எப்படி மோர் குடித்தார், ராத்திரித் தட்டு எப்படித் திரும்பிப் போனது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்த அத்தனையையும் ஒன்று விடாமல் சொன்னார். வக்கீல்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். புரியாத இடத்தில் அவள் நிறுத்திக் கேட்டாள், அவர் பொறுமையாகத் திருப்பிச் சொன்னார். நான் சில வார்த்தைகளை இங்கிலீஷில் எடுத்துக் கொடுத்தேன். அண்ணி மெல்ல வந்து அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, அவளும் முதல் தடவையாக முழுவதையும் கேட்டாள்.

எல்லாம் சொல்லி முடித்ததும் அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் சொல்ல வேண்டியது அவ்ளோதான். இப்ப நீ சொல்லு. என்ன புடிச்சது சரியா?"

சுனந்தா என்னைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் உடனே பதில் சொல்லாதது அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

"இல்ல மாமா. நீங்க தப்பு பண்ணலை. அவங்கதான் தப்பு."

அண்ணன் தலையாட்டினார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "சரி, வாங்க, போலாம்" என்றார்.

என் அண்ணன் வழக்கில் யாராவது விசாரித்துச் சொன்ன தீர்ப்பு என்றால் அது ஒன்றுதான். சொன்னவளுக்குப் பதின்மூன்று வயது. சொல்ல வேண்டியவர்கள் உள்ளே அடுத்தடுத்த வழக்கைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.